எத்தியோப்பியாவுக்குத் தொண்டு வேலைக்குப் போகிறீர்களா? காகிதம், காசு, கடிகாரம் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள்

ஹவாஸாவில் ஒன்றரை வருஷம் இருந்தேன். எத்தியோப்பியாவின் தெற்கே, ஏரிக்கரையில் உள்ள ஊர். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து சுமார் 275 கிலோமீட்டர். 2023 பிப்ரவரியில் போனேன், 2024 ஆகஸ்ட் கடைசியில் திரும்பினேன். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பயிற்சி மையத்தில் வேலை.

குழந்தைகள் இரண்டே வாரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். மையத்து வேலையும் சீக்கிரம் பிடிபட்டது. என்னை அலைய விட்டதெல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே இருந்தவைதான். எந்தக் காகிதம் எந்த அலுவலகத்துக்கு, மணி நான்கு என்றால் எந்த நான்கு, ஒரு வீட்டில் காபிக்கு உட்கார்ந்தால் எப்போது எழுந்திருக்கலாம் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். குறைந்தது ஆறு மாதம் தங்கி வேலை செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் காகிதம் பற்றிய பகுதியைத் தங்கள் நாட்டு விதிகளோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

1. அழைக்கும் அமைப்பை விசாரியுங்கள்

எத்தியோப்பியாவில் தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்து மேற்பார்க்க ஒரு தனி ஆணையம் இருக்கிறது: சிவில் சமூக அமைப்புகளுக்கான ஆணையம். 2019-இல் வந்த 1113-ஆம் எண் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. உங்களை அழைக்கும் அமைப்பு அங்கே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், ஒழுங்காக நடக்கும் அமைப்பு அன்றைக்கே அனுப்பிவிடும். வாரக்கணக்கில் இழுத்தடித்தால் விசாவுக்கான கடிதத்தையும் அப்படித்தான் இழுத்தடிப்பார்கள்.

அப்புறம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பணி அனுமதிக்கும் குடியிருப்பு அட்டைக்கும் யார் அலைவார்கள்? அதற்கான கட்டணத்தை யார் கட்டுவார்கள்? தங்குமிடம் எது, அதில் தண்ணீர்த் தொட்டி உண்டா? மூன்றாவது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். குழாயில் நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் தெருவில் குடியிருந்து பார்த்தால் அதன் அருமை தெரியும்.

தொண்டு செய்ய நீங்களே பெரிய தொகை கட்ட வேண்டும் என்று ஓர் இடைத்தரகர் சொன்னால், அதில் எவ்வளவு அந்த ஊர் மையத்துக்குப் போகிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

2. விசா: சுற்றுலாவில் நுழைந்து பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்

‘முதலில் டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், மீதியை இங்கே பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் உண்டு. என்னிடமும் சொன்னார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. சம்பளம் இல்லாத வேலைக்கும் அதே விதிதான் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். மாட்டினால் உங்களோடு சேர்ந்து மையமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரியான வழி இப்படிப் போகும். அழைக்கும் அமைப்பு ஆணையத்திடமிருந்து ஆதரவுக் கடிதம் வாங்கும். அந்தக் கடிதத்தை வைத்து, தொண்டு நிறுவனப் பணிக்கான விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு தொழிலாளர் மற்றும் திறன் அமைச்சகத்தின் வழியாகப் பணி அனுமதி, அதைக் காட்டிக் குடிவரவு அலுவலகத்தில் குடியிருப்பு அட்டை. ஒன்று கையில் கிடைத்தால்தான் அடுத்ததற்கு மனு போட முடியும். நடுவில் ஒரு கடிதம் காலாவதியானால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு அப்படித்தான் ஆயிற்று, ஆறாவது படியில் சொல்கிறேன்.

இணையவழி விசாவுக்குப் பல தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும், கட்டணமும் கூடுதலாகப் பிடுங்கும். முகவரி ஜி.ஓ.வி. புள்ளி இ.டி. என்று முடிகிறதா பாருங்கள். கட்டணத்தை டாலரில், கார்டு மூலம் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை உங்கள் கார்டில் முன்பே திறந்து வையுங்கள்.

3. காகிதக் கட்டு, முக்கியமாகப் பெயர்

கிளம்புவதற்கு நான்கு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். தேவைப்படுபவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் (ஒரு வருஷம் தங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வருஷமாவது இருக்கட்டும்), பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, மஞ்சள் காய்ச்சல் அட்டை, ஒரு கத்தை பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அட்டைக்கு, அனுமதிக்கு, சிம்முக்கு, மையத்தின் கோப்புக்கு என்று படம் கரைந்துகொண்டே இருக்கும். நான் இருபத்துநான்கு எடுத்துப் போனேன், பற்றவில்லை.

நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவா வழியாகவே வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய். அதற்கு ஆயுள் குறைவு, அதனால் கடைசியில் வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் அதற்கு நேர் எதிர். மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், பிறகு புதுதில்லியில் உள்ள எத்தியோப்பியத் தூதரகத்தின் முத்திரை என்று மூன்று கை மாறும். அதனால் அதை முதலில் தொடங்குங்கள். எனக்கு அது மட்டும் ஏழு வாரம் பிடித்தது.

இனி, நம்மைப் போல இனிஷியல் வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எத்தியோப்பியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்ற வரிசைதான். அரசுப் படிவத்திலும் அந்த மூன்று கட்டங்கள் இருக்கும். பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், நம் வழக்கம்தானே என்று. ஆனால் என் பட்டச் சான்றிதழில் இனிஷியல் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து அப்பா பெயராகப் பின்னால் வருகிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு விளக்கிக்கொண்டே நடந்தேன். நீங்கள் ஊரிலேயே நோட்டரியிடம் ‘இரு பெயரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று செய்து, அதற்கும் சான்றொப்பம் வாங்கிவிடுங்கள். படிவத்தை நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும், கடைசி வரை அதே வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே முத்திரை. அங்கே ‘மஹ்தெம்’ என்பார்கள். கையெழுத்து எத்தனை அழகாக இருந்தாலும் வட்ட முத்திரை குத்தாத கடிதம் செல்லாது. மையத்தில் கடிதம் வாங்கும்போது முத்திரை இருக்கிறதா, படிக்கும்படி விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலாக விழுந்திருந்தால் கூச்சப்படாமல் மறுபடி குத்தச் சொல்லுங்கள்.

4. ஊசி

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் போவதற்காக மட்டுமல்ல, திரும்பி வருவதற்காகவும் போட்டாக வேண்டும். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியாவுக்குள் வருபவரிடம் அந்த அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் செல்லும். இந்தியாவில் அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். குறிப்பிட்ட கிழமைகளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போடும் மையங்கள் உண்டு. ஆகவே ஆறு வாரத்துக்கு முன்பே இடம் பிடியுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது தாண்டியவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும்.

அடிஸ் அபாபா கிட்டத்தட்ட 2,350 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மலேரியா பயம் இல்லை. ஹவாஸா போல தாழ்ந்த ஊர்களில் உண்டு. வலை கட்டித்தான் படுக்க வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. பணம்

அந்த நாட்டு நாணயம் பிர். 2024 ஜூலை 29 அன்று பிர்ரின் மதிப்பைச் சந்தைக்கு விட்டார்கள். அதுவரை ஒரு டாலருக்கு 57 பிர் என்று இருந்தது, சில வாரங்களிலேயே நூறைத் தாண்டியது. எண்ணெய், சோப்பு விலையெல்லாம் கண்ணெதிரே ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒவ்வொரு வாரமும் விலை எழுதி வைத்திருந்த என் கணக்கு நோட்டு அதோடு பழசாகிவிட்டது. அதனால் பிர் கணக்கில் நான் விலைப்பட்டியல் தரப்போவதில்லை. யாராவது பழைய பட்டியல் தந்தால் அது ஜூலை 2024-க்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் கேளுங்கள். மையத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் இந்த மாதம் ஒரு கிலோ டெஃப் மாவு (டெஃப் அங்கே அன்றாடச் சாப்பாட்டுத் தானியம்) என்ன விலை, அறை வாடகை என்ன என்று கேட்டால் போதும், மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

நான் மறந்துபோன செலவுகளைச் சொல்கிறேன். அலுவலக வேலைக்காக அடிஸுக்குப் போய்த் தங்கும் செலவு (எனக்கு ஐந்து தடவை), ஆவணங்களை அம்ஹாரிக்கில் மொழிபெயர்க்கும் கூலி, தாமத அபராதம், திடீரென்று ஊர் திரும்ப நேர்ந்தால் டிக்கெட். கடைசியாகச் சொன்னதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதைத் தொடவே கூடாது.

டாலர் நோட்டு எடுத்துப் போனால் புதியதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். வங்கியில் மட்டும் மாற்றுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தெருவில் கூடுதல் விலை தருவதாக அழைப்பார்கள். அது சட்டவிரோதம், ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த வேலை வேண்டாம்.

6. தேதியும் மணியும்: நான் விழுந்த குழி

இதைப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

எத்தியோப்பிய நாட்காட்டியில் பதின்மூன்று மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாள். பதின்மூன்றாவதான பாகுமே மாதத்துக்கு ஐந்து நாள், நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஆறு. புத்தாண்டு செப்டம்பர் 11 அன்று வரும், சில வருஷம் 12. ஆண்டு நமக்கு ஏழெட்டு பின்னால் இருக்கும். 2024 செப்டம்பர் 11 அன்று அங்கே 2017 பிறந்தது. அரசு அலுவலகக் கடிதங்களில் பெரும்பாலும் இந்தத் தேதிதான்.

எனக்கு மாநில அலுவலகம் ஒன்றிலிருந்து ஓர் ஆதரவுக் கடிதம் வந்தது. அம்ஹாரிக்கில் இருந்ததால் என்னால் படிக்க முடியவில்லை. உடன் வந்தவர், ‘நான்காம் மாதம் இருபத்தைந்து வரை செல்லும்’ என்றார். ஏப்ரல் 25 என்று டைரியில் குறித்துக்கொண்டேன். அவர் சொன்ன நான்காம் மாதம் தஹ்ஸாஸ். தஹ்ஸாஸ் 25 என்பது 2024 ஜனவரி 4. மார்ச் மாதம் குடியிருப்பு அட்டையை நீட்டிக்கப் போனபோதுதான், கையில் வைத்திருந்த கடிதம் இரண்டு மாதத்துக்கு முன்பே காலாவதி என்று தெரிந்தது. கடிதத்தை முதலிலிருந்து வாங்க மூன்று வாரம். அதற்குள் அட்டையின் நாளும் தாண்டிவிட்டது, நாள் கணக்கில் டாலரில் அபராதம். மையத்தின் கணக்காளர் எனக்காக இரண்டு முறை அடிஸுக்கு பஸ் ஏறினார். அந்த நாட்களில் அவருடைய வேலையும் கெட்டது, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஆகவே எந்தக் கடிதம் கைக்கு வந்தாலும் அங்கேயே நின்று கேளுங்கள்: இது ‘பெ-ஹபெஷா’வா, ‘பெ-ஃபெரெஞ்ஜி’யா? அதாவது எத்தியோப்பியக் கணக்கா, வெளிநாட்டுக் கணக்கா? பதிலைப் பென்சிலால் கடிதத்தின் பின்புறம் எழுதிவிடுங்கள். போனில் நாட்காட்டி மாற்றும் செயலி ஒன்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். தேதியில் மாதத்தின் இடத்தில் 13 இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம், அது பாகுமே.

இனி மணி. அவர்களுக்கு நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நம் பத்து மணி அவர்களுக்கு நான்கு. மாலை ஏழு மறுபடி ஒரு மணி. ‘நான்கு மணிக்கு வாருங்கள்’ என்று சொன்ன ஒரு தாயின் வீட்டுக்கு நான் மாலை நான்குக்குப் போய் நின்றேன். அவர் காலை பத்திலிருந்து எனக்காக இன்ஜெராவை, டெஃப் மாவைப் புளிக்க வைத்துச் சுடும் தோசை மாதிரியான உணவை, மூடி வைத்துக் காத்திருந்திருக்கிறார். முள் கடிகாரம் கட்டுபவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு: சின்ன முள்ளின் வால் எந்த எண்ணை நோக்கி நிற்கிறதோ, அதுதான் எத்தியோப்பிய மணி. பஸ் டிக்கெட்டில் 12 என்றிருந்தால் அதிகாலை ஆறு. நண்பகல் என்று நினைத்துப் போனால் பஸ் பாதி வழியில் இருக்கும்.

அலுவலகத்துக்கு எப்போது போகலாம்? திங்கள் முதல் வியாழன் வரை காலைப் பொழுதே நல்லது. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம், பதினொன்றரைக்கே கதவு சாத்திவிடும். அரசின் நிதியாண்டு ஜூலை 7 அன்று முடிகிறது, அதை ஒட்டிய வாரங்களில் எந்தக் கோப்பும் நகராது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 7 கிறிஸ்துமஸ், ஜனவரி 19 வாக்கில் திம்கெத் பண்டிகை. இவற்றுக்கு நடுவில் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. முதல் வாரம்

அடிஸில் இறங்கியதும் இரண்டு நாள் மெதுவாக நடங்கள். உயரத்தால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இரவில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், குடையோடு நல்ல காலணியும் வேண்டும்.

சிம் வாங்கப் பாஸ்போர்ட் போதும். எத்தியோ டெலிகாம், சஃபாரிகாம் இரண்டும் உண்டு. சிம்மோடு டெலிபிர் கணக்கையும் திறந்துவிடுங்கள். கடை, மின்கட்டணம், சம்பளம் எல்லாம் அந்தப் போன் பணத்தில்தான் ஓடுகிறது. நெட் சில சமயம் நாள்கணக்கில் நின்றுபோகும். எல்லா ஆவணத்தின் நகலும் போனுக்குள்ளேயே இருக்கட்டும், ஒரு காகித நகல் கைப்பையிலும் இருக்கட்டும். ஊர் விட்டு ஊர் போகும் முன் சாலை நிலவரத்தை மையத்தில் கேட்காமல் கிளம்பாதீர்கள். இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம்.

ஹவாஸாவில் ஆட்டோவுக்குப் பெயரே ‘பஜாஜ்’. ஏறும் முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

8. பேச்சு

தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கு அம்ஹாரிக் எழுத்து சுலபமாக வரும். க, கா, கி என்று நாம் உயிர்மெய் எழுதுவது போலவே அங்கும் ஒரு மெய்க்கு ஏழு வடிவம். முப்பத்துமூன்று அடிப்படை எழுத்து, ஆக 231. மாலைக்கு ஒரு வரிசை என்று ஒரு மாதம் உட்கார்ந்தால் பஸ் பலகையைப் படித்துவிடலாம். என்னால் முடிந்தது. ஹவாஸாவைச் சுற்றி வாழும் சிடாமா மக்களுக்கு வீட்டு மொழி வேறு. ஹவாஸா நகரத்துக்குள் அம்ஹாரிக் போதும், கிராமத்துக்குப் போவதானால் சிடாமாவில் நலம் விசாரிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள்.

ஆண்களிடம் ‘தெஹ்னா நெஹ்’, பெண்களிடம் ‘தெஹ்னா நெஷ்’ என்று நலம் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டும் ஆகாது. மரியாதை வடிவம் தனியாக உண்டு, அதைத்தான் முதலில் பழக வேண்டும். பெரியவர் கையைப் பிடிக்கும்போது இடது கையால் உங்கள் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு லேசாகத் தலை குனியுங்கள். விசாரிப்பு நீளும்: உடம்பு எப்படி, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, வேலை எப்படி. அதை முடித்துவிட்டுத்தான் காரியத்தைப் பேச வேண்டும். அவசரப்பட்டு நடுவில் காரியத்தை எடுத்தால் முகம் சுருங்கும்.

‘இஷி’ என்றால் சரி. ஆனால் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற சரி அல்ல, ‘நீ சொன்னது காதில் விழுந்தது’ என்ற சரியாகவும் அது இருக்கலாம். அதை நம்பி நாள் குறிக்காமல், எப்போது, யார் என்று இன்னொரு முறை கேளுங்கள். இன்னொன்று: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் ‘ஹா’ என்று மூச்சைச் சட்டென்று உள்ளிழுப்பார். முதல் நாள் சமையல்கார அம்மா அப்படிச் செய்ததும் எதையோ கண்டு பயந்துவிட்டார் என்று பதறித் திரும்பிப் பார்த்தேன். அது ‘ஆமாம்’ என்று அர்த்தம்.

தெருவில் கால் தடுக்கினால் போதும், முகம் தெரியாதவர்கூட ‘ஐஸோஷ்’ என்பார், தடுக்கியவர் ஆணாக இருந்தால் ‘ஐஸோ’. தைரியமாக இரு, நான் இருக்கிறேன் என்ற பொருளில் சொல்வது. ஒரு மலேரியாக் காய்ச்சல் இரவில் பக்கத்து வீட்டுப் பாட்டி என் நெற்றியில் ஈரத் துணி வைத்துக்கொண்டு விடியும் வரை அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு நீங்களும் சொல்லுங்கள்.

ஒருவரிடம் ‘நீங்கள் எந்த இனம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். நமக்கு அது சாதாரண விசாரிப்பாகத் தோன்றும், அங்கே அது ஆறாத காயம்.

9. சாப்பாடும் காபியும்

சைவர்கள் பயப்பட வேண்டாம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நோன்பில் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொட மாட்டார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் நீள நோன்பு வேறு. அந்த நாட்களில் எந்த ஓட்டலிலும் ‘யெ-ட்ஸோம் பெயாய்னெட்டு’ கேளுங்கள். ஒரே இன்ஜெராவின் மேல் பருப்பு, கீரை, பீட்ரூட், கோஸ் என்று வட்டமாக வைத்து வரும். நோன்பில்லாத நாளில் கவனம்: ஷிரோ என்பது கடலை மாவுக் குழம்புதான், ஆனால் நெய் சேர்த்திருப்பார்கள், ‘போஸெனா ஷிரோ’ என்றால் அதில் இறைச்சியே இருக்கும். இன்ஜெராவின் புளிப்பு முதல் வாரம் வயிற்றைப் படுத்தலாம், சிறிதாகத் தொடங்குங்கள்.

வலது கையால், ஒரே தட்டில், உங்கள் பக்கம் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிட வேண்டும். யாராவது ஒரு கவளம் சுருட்டி உங்கள் வாயருகே கொண்டுவந்தால் அது ‘குர்ஷா’. வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுங்கள், மறுப்பது அன்பை மறுப்பது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் நீங்கள் நுழைந்தால் ‘எனெப்லா’, வாருங்கள் சாப்பிடலாம், என்று கட்டாயம் சொல்வார்கள். பசியில்லையென்றாலும் கை கழுவிக்கொண்டு ஒரு வாய் எடுத்துக்கொண்டால் அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது.

காபிக்கு அழைத்தால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தரையில் பச்சைப் புல் பரப்பி, கரி அடுப்பு மூட்டி, பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் முன்னாலேயே வறுப்பார்கள். வறுத்ததும் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவார்கள். புகையைக் கையால் உங்கள் பக்கம் இழுத்து முகர வேண்டும். எனக்கு இது தெரியாமல், முதல் தடவை சட்டியைக் கையில் வாங்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டேன். அப்புறம் இடித்து, ‘ஜெபெனா’ என்ற மண் குடுவையில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசீர்வாதம். அதற்கு முன் எழுந்து போவது மரியாதை ஆகாது. நிஜமாகவே போக வேண்டியிருந்தால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மையத்துப் பெற்றோர் யாரும் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்று நான் கவலைப்பட்டதெல்லாம் காபிக்கு உட்கார ஆரம்பித்ததும் தீர்ந்தது. மகனுக்கு வலிப்பு வருவதை ஒரு தாய் முதல் முதலாகச் சொன்னது மூன்றாவது சுற்றில்தான்.

10. வேலையிடத்தில் கவனிக்க வேண்டியவை

தெருவுக்குத் தெரு ‘இதிர்’ என்று ஒரு சங்கம் இருக்கும். மாதச் சந்தா கட்டுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், பெஞ்சு, அண்டா, ஆள் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். மையத்து ஊழியர் ஒருவர் இதிர் என்று சொல்லி விடுப்பு கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், முடிந்தால் நீங்களும் போய் அந்தக் கூடாரத்தில் உட்கார வேண்டும். ‘எக்குப்’ நம் குலுக்கல் சீட்டு மாதிரி. பெண்களுக்கான புதிய சேமிப்புத் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டு போகும் முன், அவர்கள் ஏற்கெனவே எந்த எக்குப்பில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

விழாவுக்குக் கறி வாங்கினால் ஒரே கடையில் வாங்காதீர்கள். கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள், முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிட மாட்டார்கள். இரண்டு கடை, இரண்டு பாத்திரம், இரண்டு அகப்பை. எங்கள் மையத்தின் ஆண்டு விழாவில் ஒரே ஆடு வாங்கிவிட்டு, பாதிப் பேர் ரொட்டியோடு எழுந்து போனதைப் பார்த்தேன். நோன்பு நாளாக இருந்தால் இன்னும் சுலபம், எல்லாருக்கும் பருப்பு போட்டுவிடலாம்.

குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள். அந்தப் படம் எங்கே போகும் என்றும் சொல்லுங்கள். தெருவில் பிள்ளைகள் கை நீட்டினால் காசு தராதீர்கள். மனசு கேட்காது, தெரியும். அந்தக் காசை நோட்டுப் புத்தகமாகப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் கொடுங்கள். ‘அடுத்த வருஷம் வருவேன்’, ‘உன் மகளைப் படிக்க வைக்கிறேன்’ என்று பாசத்தில் வாய் தவறக்கூடச் சொல்லாதீர்கள். அங்கே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஐம்பது வயது தாண்டியவர்கள் உங்களைப் பார்த்ததும், ‘என் கணக்கு வாத்தியார் ஒரு இந்தியர்’ என்று ஆரம்பிப்பார்கள். எத்தியோப்பியப் பள்ளிகளில் நம்மவர்கள் நிறையப் பேர் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நின்று கேளுங்கள். எந்த அலுவலகத்திலும் அந்தப் பேச்சுக்குப் பிறகு ஒரு நாற்காலி கிடைத்துவிடும்.

11. கிளம்பும் நேரம்

கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே குடியிருப்பு அட்டையின் நாளைச் சரிபாருங்கள், இரண்டு நாட்காட்டியிலும். அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, மையத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டுமா என்று கேட்டு, முத்திரையோடு வாங்குங்கள். வங்கிக் கணக்கையும் டெலிபிர் மீதியையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

யாராவது ‘ஊரில் என் உறவினருக்கு’ என்று பொட்டலம் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அங்கே சாதாரணமாக மெல்லும் ‘சாத்’ (ஆங்கிலத்தில் khat) என்ற போதை இலை இந்தியாவில் தடை செய்யப்பட்டது, உலர்ந்தால் தேயிலை போலத்தான் இருக்கும். காபி வாங்கிப் போவதானால் வறுத்துப் பொட்டலம் கட்டியதைக் கடையில் ரசீதோடு வாங்குங்கள்.

விடைபெறும் காபியைக் கடைசி நாளில் வைக்காதீர்கள், மூன்று வீட்டில் மூன்று சுற்று என்றால் விமானத்தைத் தவறவிடுவீர்கள். நான்கு நாள் முன்பே தொடங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் செருகிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டுவிட்டால், ஊரில் இறங்கியதும் அட்டையைக் கேட்கும்போது பெட்டி இன்னும் உங்கள் கைக்கு வந்திருக்காது.